அக்கா கல்யாணத்துப் பாட்டைக் காணவில்லை

என் அக்காவின் கல்யாணத்தை லினக்ஸ் தின்றுவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். முந்தின நாள் அது அப்டேட் செய்துகொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. நானும் பெரிய மனது பண்ணிச் சரி என்று அழுத்தினேன். மறுநாள் கல்யாண வீடியோவைப் போட்டால் படம் வருகிறது, பாட்டு வரவில்லை. பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் சந்தைக்கூட்டம் மாதிரி ஒரே இரைச்சல்.

செஞ்சி கடைத்தெருவில் பாத்திரம் விற்கிறவன் லினக்ஸ் ஓட்டுகிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கடைக்கணக்குக்கு வாங்கிய கம்ப்யூட்டர் கிழடு தட்டியதும் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, லினக்ஸ் ஏற்றி, டிவியில் மாட்டி, பழைய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பெரிய ஸ்பீக்கரையும் சேர்த்து, தியேட்டர் என்று பெயர் வைத்தேன். இதற்கு வைரஸ் வராது, கெட்டே போகாது என்று எண்ணெய்க்கடைக்காரரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி மட்டும் அதை "ஓசிப் பொட்டி" என்பாள்.

அந்தப் பொட்டிக்குள்தான் அக்கா கல்யாணம் இருந்தது. கேசட்டில் பூஞ்சை பிடித்ததால் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து ஃபைலாக மாற்றினேன். அங்கேயே படம் வருகிறதா என்று மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கேசட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். வேறு காப்பி கிடையாது. வீட்டு டிவியில் அதை இதுவரை போட்டதும் இல்லை. எங்கள் அப்பா, நைனா, இறந்து வெகுநாளாகிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பதை நாங்கள் பார்க்க உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்த வீடியோ.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அதை எத்தனை தடவை பார்த்திருப்போம். டிவியும் கேசட் போடுகிற டெக்கும் வாடகைக்கு எடுத்தால், சினிமா கேசட் மூன்று, நடுவில் அக்கா கல்யாணம் ஒன்று. வீடியோக்காரர் ரசனையானவர். அக்காவையும் மாமாவையும் ராஜகிரி மலை உச்சியிலிருந்து பறந்து இறங்க வைத்திருந்தார். மாமாவின் தலை ஒரு தாமரைப் பூவுக்குள்ளிருந்து மெதுவாக முளைக்கும். தொடக்கம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டின் எந்த வரியில் தாலி ஏறும், எந்த வரியில் பெரியப்பா அப்பளத்தை நொறுக்குவார் என்பது தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். இன்றைக்கும் அந்தப் பாட்டுகள் பஸ்ஸில் ஓடினால் எனக்கு மாலையும் சந்தனமும் மணக்கும்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு வந்த அக்காவும் மாமாவும் மறுநாள் காலை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீடியோ பத்திரமாக இருக்கிறது, பெரிய டிவியில் காட்டுகிறேன் என்று போனில் அளந்திருந்தேன். அக்கா காப்பித் தம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். நான் போட்டேன். சந்தை இரைந்தது. சட்டென்று சத்தத்தை நிறுத்திவிட்டு, லோடு ஆகிறது என்றேன்.

அதன் பிறகு நான் செய்ததை யாரும் செய்யக்கூடாது. சவுண்டு செட்டிங்கில் இருந்த எல்லாவற்றையும் மாற்றினேன். இரைச்சலும் போய்விட்டது. பயந்து திரும்ப மாற்றினேன். இரைச்சல் வந்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது போல ஒரு நிம்மதி. வேறு பிளேயரில் போட்டேன், அதிலும் அதே சந்தை. ஆக, ஃபைலே கெட்டுவிட்டது. பாட்டு போனது போல நாளைக்குப் படமும் போகும், நைனாவும் போவார். இன்டர்நெட்டில் எவனோ எழுதிய கட்டளையைக் கருப்புத் திரையில் அடித்தேன். அது பாஸ்வேர்டு கேட்டது. அவசரத்தில் அடித்த பாஸ்வேர்டும் தப்பு. டெக்கில் தூசி படிந்தால் ஊதுகிற பழக்கம் மறக்கவில்லை. இதில் எதை ஊதுவது என்று தெரியாமல் டிவியை ஊதினேன்.

"இன்னாடா, டிவிக்குச் சூடா இருக்குதா?" என்றாள் அக்கா.

மாமா தன் பங்குக்கு, இதற்கு வாடகை டெக்கே தேவலாம் என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து, அதற்குத்தான் வைரஸே வராதே என்றாள். பாட்டு போனால் போகட்டும், நைனாவைப் பார்த்தால் போதும், படத்தை ஓட்டு என்றாள் அக்கா. நானும் வெறும் படமாக ஓட்டினேன். ஆனால் கை சும்மா இருக்குமா? பந்தி நடக்கும்போது கடைசியாக ஒரு தடவை சத்தத்தைத் திறந்து பார்த்தேன். பாத்திரம் உருள்கிற சத்தம், குழந்தை அழுகை, யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கத்துவது. மறுபடி நிறுத்தப் போனேன்.

"கைய எடு," என்றாள் அக்கா.

எடுத்தேன்.

"அது நைனாடா."

வீடியோவில் நான் சாம்பார் வாளியை வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்து அந்தக் குரல், கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தோரணையில் வந்தது. "இவன இன்னாத்துக்குப்பா எடுக்கற? இவன் மூஞ்சி தினம் வூட்லதான் இருக்குது. கேசட்ட வேஸ்ட் பண்ணாத."

மாமா காப்பியைத் துப்பிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவளை மாமா வீட்டுக்கு அனுப்பி வைக்கிற இடம் வந்துகொண்டிருந்தது. முன்பு அங்கே ஒரு சோகப் பாட்டு கதறும், நைனாவின் வாய் மட்டும் அசையும். ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

"ஏம்பா, அந்த லைட்டக் கொஞ்சம் அந்தாண்டத் தள்ளு. பொண்ணு கண்ணுல அடிக்குது பாரு. காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல அது."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். திருப்பிப் போடு என்று கையால் காட்டினாள். திருப்பிப் போட்டேன். அப்புறம் சொல்லாமலே போட்டேன்.

வெகுநேரம் கழித்து மாமாதான் தன் பக்கத்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இந்தப் பொட்டியில ஒண்ணும் வரலயே மச்சான்."

எழுந்து போய் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தடவினேன். ஒயர் ஒன்று கையோடு வந்தது. அதைச் சொருகப் போகையில் அக்கா, "இருக்கட்டும், அப்பறமா மாட்டு" என்றாள்.

வீடியோக்காரர் பாட்டை இடது பக்கத்திலும், மண்டபத்தில் பிடித்த சத்தத்தை வலது பக்கத்திலும் பதிந்திருந்தார். வாடகை டிவியில் சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான். அதில் நாங்கள் எப்போதும் டெக்கின் இடது பக்கத்து வெள்ளை ஒயரைச் சொருகி, வலது பக்கத்துச் சிவப்பைத் தொங்கவிட்டிருந்தோம். அன்று காலை அக்கா வருகிறாள் என்று மேசையை நகர்த்தித் துடைத்தேன். அப்போது இடது ஸ்பீக்கரின் ஒயர் கழன்றுவிட்டது.