பாரிஸ் தங்கச்சி

சில ஆண்டுகளுக்கு முன், பாரிஸிலிருந்து ஒஸ்லோவுக்குத் திரும்பும் விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா இருந்தார். அறுபது வயதிருக்கும். காலில் புதுச் சிவப்புச் சப்பாத்து, மடியில் கேக் பெட்டி. ஒவ்வொரு கடிக்கும் பிறகு கைக்குட்டையால் வாயோரத்தை ஒற்றிக்கொள்வார்.

"பாரிஸில சொந்தக்காரர் வீட்டையோ நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"தங்கச்சி வீட்டை எண்டுதான் மகளிட்டைச் சொன்னனான். ஆனா ஹோட்டலிலதான் நிண்டனான், பிள்ளை. அவள் வீட்டை போனால் முழுநாளும் குசினியில சமையல்தான். இப்ப கடை கடையா ஏறி இறங்கினன். கபே கபேயா இருந்து குறோசோன் சாப்பிட்டன். அவளுக்கு நான் வந்ததே தெரியாது."

ஒஸ்லோ விமான நிலையத்துக்கு அவருடைய மகள் லோறென்ஸ்கூக்கிலிருந்து காரில் வந்திருந்தாள். "சித்தி எப்பிடி இருக்கிறா, அம்மா?"

"நல்லா மெலிஞ்சு போனாள்," என்றார் அவர், முகம் மாறாமல். பிறகு என்னைக் காட்டி, "இவவும் அங்கை வந்தவ. வேணுமெண்டால் கேள்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். அந்த அம்மா அமைதியாகத் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றேன். "சரியான மெலிவு. பாவம்."

மகளின் முகம் வாடிவிட்டது. நான் கண்டேயிராத அந்தத் தங்கச்சியின் உடம்பு இப்போது தேறியிருக்குமா என்று எனக்கும் அவ்வப்போது கவலை வருவதுண்டு.