அறுப்பு மிஷினுக்கு எந்த பிளான்?

வாடிக்கையாளர் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்கு மூன்று பிளான் சொல்லி, அதில் ஒன்றை அவர் தலையில் கட்டுவது என் தொழில். தஞ்சாவூரில் உட்கார்ந்து ஆப் நடத்துகிறவர்களுக்கு கிளவுட் கேஷ் (cache; காசு இல்லை) எடுத்துக் கொடுக்கிறேன். இதே பிழைப்பில் இருக்கிறவர்களே, கீழே வருகிற ராஜேந்திரன் அண்ணனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயர்தான் வேறாக இருக்கும்.

மறதிக்கு வாடகை

ஒரத்தநாட்டுப் பக்கம் அறுப்பு மிஷின்கள் வைத்திருப்பவர் அவர். மிஷினைப் பதிவு செய்யவும், அது இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் விவசாயிகளுக்காக ஒரு ஆப் நடத்துகிறார். போன அறுவடையில் ஆப் திணறியது; பாதிப் பேர் புரோக்கர்கள் கொண்டுவந்த வெளியூர் மிஷினுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தையிலும் திணறினால் மீதிப் பேரும் போய்விடுவார்கள் என்ற கவலையோடு வந்தார்.

எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற தகவலை ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்த் தேடாமல், நினைவிலேயே வைத்திருந்து சட்டென்று சொல்வதுதான் கேஷ் என்றேன். பேசிக் பிளானில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அது நின்று கிளம்பினால் எல்லாம் மறந்துபோகும். ஸ்டாண்டர்டில் கூடவே இன்னொன்று நகல் வைத்திருக்கும். பிரீமியத்தில் டிஸ்கிலும் எழுதி வைக்கும். கடைசி இரண்டையும் அவர் காதிலேயே வாங்கவில்லை. பேசிக்கே போதும் என்று எழுந்தவர் வாசலில் நின்று கேட்டார்: "மறந்துபோறதுக்கும் வாடகையாம்மா?"

வயலுக்கு எத்தனை கண்

வயலுக்கு ஒரு ஆள் பார்ப்பார் என்று கணக்குப் போட்டு கேஷின் அளவை முடிவு செய்தோம். அறுவடை தொடங்கிய அன்றே ஆப்புக்கு மூச்சு முட்டியது. கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தேன். ஊரிலிருந்து வந்தது கொஞ்சம்தான். சிங்கப்பூர், மஸ்கட், துபாய் என்று மகன்களும் மருமகன்களும் வேலைக்கு நடுவே ஓயாமல் மிஷினைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கட்ட வருகிறவர்கள் வேறு. அதே பேசிக்கில் அளவை மட்டும் கூட்டினோம். அண்ணனுக்குக் கோபமில்லை, கொஞ்சம் பெருமைகூட. "நெலம் இங்க கெடக்கு, பாக்குற கண்ணு பூரா கடல் தாண்டி இருக்கு."

எதிரில் நின்ற மிஷின்

எங்கள் பக்கத்தில் சாலையோர வயலில் எந்த மிஷின் இறங்குகிறதோ, அதுதான் உள் வயல்களையும் அறுக்கும். உள்ளே போக வேறு வழி கிடையாது. வானம் கறுத்திருந்த ஒரு காலையில், கோவிந்தசாமி என்ற பெரியவரின் சாலையோர வயலில் இறங்க அண்ணனின் மிஷின் தயாராக நின்றது. அந்த நேரம் பார்த்து, பராமரிப்புக்காக நம் ஒற்றைக் கம்ப்யூட்டர் நின்று கிளம்பியது. ஆப்பில் ஒரு மிஷினும் இல்லை. கேஷ் திரும்ப நிரம்பச் சில நிமிஷம் போதும். அதற்குள் பெரியவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, மிஷின் வேறு ஊருக்குப் போய்விட்டது என்றிருக்கிறான். எதிரில்தான் நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கிறார் என்று அப்பா சொல்லியும் நம்பாமல், புரோக்கரிடம் சொல்லி வேறு மிஷினை வரவழைத்துவிட்டான்.

இரண்டு மிஷினும் முட்டிக்கொண்டு நின்றன. இந்த வயல் போனால் பின்னால் இருக்கிற அத்தனை வயலும் அண்ணன் கையை விட்டுப் போகும். அண்ணன் இதையெல்லாம் போனில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர், புரோக்கர் அனுப்பிய மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு மகனிடம் சொன்னார்: "நீ போன்ல பாக்குற, நான் வயல்ல நிக்கிறேன். என்னையாவது நம்புப்பா."

போன் செய்த காரணம்

மறுநாளே அண்ணன் வந்தார், எது பெரிதோ அதையே கொடு என்றார். பிரீமியம் வேண்டாம் என்று நானே தடுத்தேன். மிஷின் இன்று நிற்கிற இடத்தை எழுதிவைத்து என்ன செய்வது, நாளைக்கு அது வேறு வயலில் நிற்கும். ஸ்டாண்டர்டுக்கு மாறினோம்.

அறுவடை முடிவதற்குள் இன்னொரு பராமரிப்பு வந்தது. ஒரு கம்ப்யூட்டர் நிற்க, நகல் வைத்திருந்தது அப்படியே வேலையை எடுத்துக்கொண்டது. ஊரிலும் சிங்கப்பூரிலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அண்ணனைக் கூப்பிட்டு விவரமாகச் சொன்னேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் நடக்கலன்னு சொல்லவா போன் பண்ணின? வையிம்மா, உள் வயல்ல அறுப்பு ஓடுது."

ஒன்றுமே நடக்காத நாளைத்தான் நாம் விற்கிறோம், தோழர்களே. வாங்கியவருக்கே அது தெரியாமல் போனால் நல்ல சரக்காகத்தான் விற்றிருக்கிறோம் என்று அர்த்தம்.