இரண்டு கூடை நோய் மண்

அம்சவல்லியின் துவரைக்குப் படப்பைக் கடைகளில் ஒரு காலத்தில் தனி மவுசு. இப்போது மூன்று வருஷமாக அவள் அரை ஏக்கர் கொல்லையில் செடி நின்றபடியே வாடிச் சாகிறது. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் அங்கேயும் வாடகை ரூம் கட்டிவிடுவேன் என்று புருஷன் சுப்பிரமணி சொல்லிவிட்டான்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே கட்டிய ரூமில் குடியிருக்கும் பாண்டிச்செல்வி, ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன் பெண்டாட்டி, கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த துவரை விதையை ரூமின் பின்பக்கம் ஊன்றினாள். அது தளதளவென்று நின்றது. நேற்று பஸ் ஏறி வந்தவளுக்கு விளைகிறது, எனக்கு விளையவில்லையா என்று அம்சவல்லிக்கு வயிறு எரிந்தது.

ஆவணியில் பாண்டிச்செல்வி ஊருக்குப் போன சமயம் பார்த்து, தன் கொல்லையில் செத்த செடிகளின் வேர்மண்ணை இரண்டு கூடை வாரிவந்து அந்தச் செடிகளின் அடியில் கொட்டிக் கிளறிவிட்டாள். தினமும் எட்டிப் பார்த்தாள். ஒரு இலைகூடத் தொங்கவில்லை. மார்கழியில் காய் காய்த்துத் தொலைத்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தை மாதம் வேளாண்மை அலுவலர் ரஞ்சனி கொல்லையைப் பார்க்க வந்தாள். செத்த தண்டைப் பிளந்து காட்டினாள், உள்ளே கறுத்திருந்தது.

"மண்ணுல இருக்கிற பூஞ்சாணம்மா. மருந்துக்கு அடங்காது. பிறப்புலயே இதைத் தாங்குற விதைதான் போடணும்."

பிறகு பாண்டிச்செல்வியின் செடிகளைக் கண்டு ஆவலாக ஓடினாள். தரையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"இது ரூம் கட்ட வெளியிலேர்ந்து கொட்டின மண்ணா? அப்ப இதுல நோயே இருக்காது. சாதாரண விதைதான்."

சாதாரண விதை. அம்சவல்லிக்கு ஐந்து மாதம் கழித்து மனசு குளிர்ந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் நோய் மண்ணிலும் சாகாத இந்த விதை கிடைக்காவிட்டால் கொல்லை போய்விடும்.

"அந்த மண்ணுல நோய் கீது மேடம்," என்றாள். "நான்தான் கொண்ணாந்து கொட்னேன். ரெண்டு கூட."

ரஞ்சனி அவளையே பார்த்தாள். "நாங்களும் இப்படித்தாம்மா, நோய் மண்ணைப் போட்டுத்தான் விதையைச் சோதிப்போம்," என்று நோட்டை எடுத்தாள். அதில் எழுதிக்கொண்டது பாண்டிச்செல்வியின் பேரைத்தான். அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் கேட்டபடி ரூம் வாசலில் நின்ற பாண்டிச்செல்வி இறங்கி வந்தாள்.

"வெத தாரேன்," என்றாள். "ஆனா ஒங்க கொல்லையில நாந்தான் ஊன்றுவேன். ஒங்க கைய நம்ப மாட்டேன்."

"சரி" என்றாள் அம்சவல்லி. சொந்த நிலத்தில் ஓரமாக நின்று இவள் விதைப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.