பல்லிடுக்கில் கத்தி

கோழிக்கறிக் கடையில் அவருக்குப் பல்லுக்கத்தி என்று பெயர். இரண்டு கையாலும் கோழியைப் பிடித்துத் தோலை உரிக்கும்போது, ரத்தம் சொட்டும் கத்தியைப் பல்லால் கவ்விக்கொள்வார். மனைவியின் தம்பிதான் கூட வேலை பார்ப்பவன். இருவரும் அடித்துக்கொள்ளாத நாள் என்றால் அது கடைக்கு விடுமுறை நாள்.

அப்படி ஒரு சண்டையில் மச்சினன் அவர் முட்டியில் ஓங்கி உதைத்தான். கொஞ்ச நாளில் அந்த முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. குதிகாலை ஊன்றினால் உயிர் போனது. கண்கள் மிளகாய் பட்டதுபோல் சிவந்தன.

"என்னை முடமாக்கிட்டான்டி உன் தம்பி!"

மறுநாள், வெட்டுக்கட்டையில் கையூன்றி நின்ற மச்சினனின் மணிக்கட்டில் எடைக்கல்லை இறக்கினார். எலும்பு முறிந்த சத்தத்தில் கூண்டுக் கோழிகள் அலறின.

இருவரையும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுப் போன மனைவி, வழியிலேயே சொல்லிவிட்டாள். "முட்டி வீங்குனதுக்கு அவன் உதைச்சதுதான் காரணம்னா வாய மூடிக்கிறேன். இல்லேன்னா அவன்கூடவே கிளம்பிடுவேன். நீங்களும் உங்க கோழியும் குடித்தனம் நடத்துங்க."

டாக்டரம்மா முட்டியில் ஊசி குத்தி நீரை உறிஞ்சினார். பல்லுக்கத்தி ஊரே கேட்கக் கத்தினார். சோதித்துப் பார்த்ததில் சீழ் இல்லை, கிருமியும் இல்லை.

"முட்டியில உதைச்சா கண்ணு எதுக்குய்யா செவக்குது? முன்னாடி வயித்தால போச்சா?"

"போன மாசம் கக்கூஸே கதின்னு கெடந்தாரு," என்றாள் மனைவி.

"அதான். பச்சைக் கோழியில இருக்குற கிருமி வாய் வழியா வயித்துக்குள்ள போயிருக்கு. அதை அடிக்கக் கிளம்புன உடம்பு, அது ஒழிஞ்ச பிறகும் அடங்காம சொந்த மூட்டையே அடிக்குது. மருந்து தரேன். மெள்ளத்தான் அடங்கும்."

"இவரு உடம்பு வேற எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி. அன்று மாலையே பையைக் கட்டிவிட்டாள்.

பையோடு அவள் கடை வாசலுக்கு வந்தபோது, மாவுக்கட்டுக் கையைத் தொங்கவிட்டபடி மச்சினன் உள்ளே நின்றிருந்தான், தன் துணிமணியை எடுக்க. பல்லுக்கத்தி அவனை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் ஒரு கோழியை இழுத்தார். பழக்கம் விடுமா? கத்தி பல்லுக்கு ஏறியது.

மச்சினன் நல்ல கையால் விட்டான் ஓர் அறை. கத்தி பறந்து தரையில் விழுந்தது. அவர் உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது.

"இன்னொரு தடவை வாயில வெச்சே, பல்லு இருக்காது மாமா!"

அவர் கை தன்னால் எடைக்கல்லுக்குப் போனது. பாதியில் நின்றது. நொண்டிக்கொண்டே போய்க் கத்தியை எடுத்தார், கழுவினார், கட்டையில் வைத்தார்.

"கையாடா அது, உலக்கையா?" என்றார், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

மனைவி பையைக் கீழே வைத்தாள்.