நடக்க விடாதவள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷம் நான் பார்த்த வேலைக்குப் பெயர் தரப் பரிசோதகர். ஷெட்டில் எனக்கு வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகைத் திருப்பினால் முட்டுக்கட்டை. அதில் தப்பொன்றும் இல்லை. தகடு வெட்டுகிறவர், அச்சு மாட்டுகிறவர், வண்டியில் ஏற்றுகிறவர் என்று மற்ற எல்லோரும் எதையாவது நடத்திக் காட்டுகிறவர்கள். சாயங்காலம் ஆனால் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு குவியல் இருக்கும். நான் நடக்க விடாமல் செய்கிறவள். சாமான் சரியில்லை என்று நான் சிவப்பு அட்டை கட்டிய தொட்டி அந்த இடத்தை விட்டு நகராது. நடக்காமல் போனதை எந்தத் தொட்டியில் போட்டு யாருக்குக் காட்டுவது?

எங்கள் ஷெட்டில் பழைய பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும்போது விரல் உள்ளே இருக்க முடியாது. அப்படி யோசித்துச் செய்தவன் புண்ணியவான். அவன் யோசனையைக் கெடுக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது. இடது பட்டனை அமுக்கி அதன் ஓரத்தில் குச்சியைச் செருகிவிட்டால் அது அமுங்கியே கிடக்கும். அப்புறம் வலது கையால் பட்டனைத் தட்டலாம், இடது கையால் தகட்டை உள்ளே தள்ளலாம். வேலை இரண்டு மடங்கு ஓடும். இதற்குக் குச்சி போடுவது என்று பெயர். ஆயுத பூஜைக்கு அந்தப் பட்டனுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். குச்சியை எடுக்காமலே வைப்பார்கள்.

அந்த மெஷினை ஓட்டியவன் நூம்பலிலிருந்து வருகிறவன். முப்பது வயசிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். ஷெட்டிலேயே வேகமான கை அவனுடையது. தினமும் காலையில் அவன் குச்சி போடுவான், நான் போய்ப் பிடுங்குவேன். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் இருக்கும். மறுபடியும் பிடுங்குவேன்.

"இன்னாக்கா, உனுக்கு வேற வேலையே இல்லியா? நீ பீஸப் பாரு. கைய நான் பாத்துக்குறேன்."

"கை போச்சுன்னா பீஸ எத வச்சு எடுப்ப?"

"போனா என்து போவுது. உன் ஊட்லேர்ந்தா எட்த்தாந்தேன்?"

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் கேன்டீனில் என் காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "புருஷன் உட்டுட்டுப் போன ஆத்திரத்த மெஷின் மேல காட்டிகினு கீது." வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். நான் கேரியரை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் நேராக மேனேஜரிடம் போனேன். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வரப் போகிற நேரம் அது. குச்சி அவர்கள் கண்ணில் பட்டால் ஆர்டர் போய்விடும் என்றேன். விரல் என்று சொல்லியிருந்தால் தலையாட்டி அனுப்பியிருப்பார். ஆர்டர் என்றதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வயரிங்கை மாற்றினார்கள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு மறுபடி ஒன்றாக அழுத்த வேண்டும். குச்சி போட்டால் மெஷின் அசையாது.

அவன் கையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பாதிப் பொய். அவன் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. குச்சியை வைத்து வைத்துப் பார்த்து, மெஷின் ஓடாமல், அவன் திரும்பி என்னைப் பார்த்தபோது எனக்கு இனித்தது.

அவன் எடுக்கும் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசர் தினமும் எல்லோர் முன்னாலும் கத்தினார். கான்ட்ராக்ட் ஆள்தானே, அந்த மாசக் கடைசியில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது என் மேஜைக்கு வந்தான்.

"ரெண்டு பொண்ணு கீது எனுக்கு. நல்லா இருப்ப நீ."

"பத்து விரலோட போற. போ," என்றேன்.

அதற்குப் பிறகு ஷெட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. டீ நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேக்கிங் பெண்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று எலக்ட்ரீஷியன் காதுபடவே சொன்னார். வயரிங்கை மாற்றியது அவர் கைதான், அது யாருக்கும் நினைவில்லை.

பார்வையிட வந்தவர்கள் வந்து, பார்த்து, கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அந்த வாரமே வயரிங்கைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து புதிதாக ஒரு ஆள் வந்தார். தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் வைப்பார். இரண்டாம் நாளே இடது பட்டனில் குச்சி இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. நான் பார்த்தேன். கிட்டப் போய் அவர் அடித்த பீஸை எடுத்து அளந்தேன். அளவு சரியாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டால், அலுத்துவிட்டது. எனக்கென்ன தலையெழுத்தா, சூப்பர்வைசர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீம்பு. இந்த ஒரு தடவையாவது என்னை யாரும் ஏசாமல் இருக்கட்டும் என்றும் இருந்தது. அடுத்த இரண்டு நாளும் குச்சியைப் பார்த்தேன். அதற்கு மறுநாள் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கத்தின சத்தம் கேட்டது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடும்போது, சூப்பர்வைசர் மட்டும் பின்தங்கி, குச்சியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதையும் பார்த்தேன். பிறகு விசாரணைக்கு வந்தவர்கள் என்னையும் கேட்டார்கள். எதையும் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாசத்தில் வேலையை விட்டுவிட்டேன்.

போன வருஷம் மாங்காடு கோயிலுக்குப் போகப் பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், ஓட்டுகிறவன் அந்த நூம்பல்காரன்தான். கண்ணாடியில் அவனும் என்னைப் பார்த்துவிட்டான். என் வாய் சும்மா இருக்குமா?

"விரலெல்லாம் பத்திரமா இருக்கு போல," என்றேன்.

அவன் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். நன்றி சொல்ல மனசு வராமல் முழிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். குமணன்சாவடி தாண்டியது. பக்கத்திலிருந்த அம்மா இறங்கிப் போனதும் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான்.

"அந்த ஒடிசாக்காரரு கேஸு கேள்விப்பட்டேன். குச்சி போட்டுத்தான் ஓட்டிகினு இருந்தாராமே. எத்தினி நாளு?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னிய ஒரு நாளாச்சும் குச்சி போட உட்டியாக்கா நீ? ஒரே ஒரு நாளு? அவர மட்டும் எப்டி உட்ட?"

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவன் குரலில் கோபமே இல்லை. விஷயம் புரியாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான். மாங்காட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.