எதிர் வெள்ளி

மன்னார்குடியில் பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மனைவியையும் மகளையும் தஞ்சாவூருக்கு அழைத்துவர நான் தயார், மாமியார்தான் தயாரில்லை. வெள்ளி மேற்கே நிற்கிறதாம். கைக்குழந்தையோடு வெள்ளிக்கு எதிரே பயணம் போகக் கூடாதாம். தஞ்சாவூர் மன்னார்குடிக்கு மேற்கே இருந்து தொலைத்தது. வெள்ளி கிழக்கே போகட்டும், அனுப்பிவைக்கிறேன் என்றார்.

சரி, வெள்ளி மேற்கே இறங்கித்தானே ஆக வேண்டும் என்று தினமும் பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் போய் நின்றேன். இறங்குவதாவது! வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது இன்னும் ஏறி, பிறகு இறங்கி, மறைந்து, விடியற்காலையில் கிழக்கே முளைக்கப் பல மாதம் ஆகும் என்று போனில் இருந்த, கிரகங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் ஆப் சொன்னது. அதற்குள் என் மகள் நடந்தே வந்துவிடுவாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் நான், ஒரு காலித் தொட்டில், ஓட்டல் சாம்பார்.

ஒரு ஞாயிறு காலை, மாமியார் வீட்டு வாசலில் நின்று அதே ஆப்பைச் சும்மா திறந்தேன். போனைக் கிழக்கே திருப்பினால், தென்னை மர உயரத்தில் வெள்ளி! யோசித்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சூரியன் மறைந்த பிறகு மறைகிற வெள்ளி, காலையிலும் சூரியன் உதித்த பிறகுதானே உதிக்கும்? வெயிலில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலையில் கிளம்பினால் வெள்ளி முதுகுப் பக்கம், எதிரே இல்லவே இல்லை என்று மாப்பிள்ளை முறுக்கோடு வாதாடினேன். அவர் குழந்தையோடு திண்ணையில் உட்கார்ந்தார். மடியில் கிடந்த குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார்.

"வெள்ளி எங்க நின்னா எனக்கென்ன மாப்பிள்ளை. இவ போயிட்டா இந்த வீட்டுல நான் மட்டும்தான். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

என் ஆத்திரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மாமனார் போன பிறகு அவருக்கு யார் இருக்கிறார்கள்? மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்களும் எங்களோடு வந்து இருங்க அத்தை என்றேன். பொழுது சாய்ந்தால் பசுவை யார் கறப்பது என்று கேட்டார். பிறகு போனை வாங்கி, கிழக்கே ஒரு தரம், மேற்கே ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப சாயங்காலம் நான் இங்க திரும்பி வர்றப்பவும் வெள்ளி முதுகுப் பக்கம்தானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப தெனம் வருவேன்" என்றார்.