சின்ன ரயிலுக்குக் கை தூக்கியவர்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் எதிரே இருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சேலைக்கு மேல் தடித்த சிவப்புக் கோட்டு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கையசைத்தார். அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டிலிருந்து வந்து கொஞ்ச நாள்தானாம்.

"மக இருக்குற டவுன்ல ரோட்டு மேலயே ஓடுற சின்ன ரயில் விடலாமா வேணாமான்னு ஒரே சண்டைங்க. அதுக்கு ஊர்க்கூட்டம் போட்டாங்க, நானும் மகளோட போனேன். யாரெல்லாம் ஏறுவீங்கன்னு கேக்குறாங்கன்னு மக சொன்னா. கையத் தூக்கினேன். இழுத்து எறக்கிவிட்டா. மத்தக் கையத் தூக்கினேன்."

"நீங்கதான் ஊருக்கு வந்துருவீங்களேம்மா?"

"வர்ற வரைக்கும் வீட்டுக்குள்ளயே கெடக்கணுமாங்க? காரு ஓட்டத் தெரியலன்னா அங்க எங்கயும் போக முடியாது."

பதுளையில் என்ன வேலை என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த ரயில்ல திரும்பிருவேன்."

பதுளையில் இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.